லினக்ஸில் ரெய்டு எழும்பவில்லையா? ஈவன்ட் எண்ணைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். யூபிஎஸ் இல்லாத சர்வரில் எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் எழுதி முடித்திருக்காது. அடுத்த முறை பூட் ஆகும்போது ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் அமைப்பு) எழும்பாமல் மெஷின் எமர்ஜென்சி மோடில் நிற்கும். பெரும்பாலும் டேட்டா பத்திரமாகத்தான் இருக்கும். பதற்றத்தில் 'கிரியேட்' கட்டளையை அடித்தால்தான் ஆபத்து. அது சூப்பர்பிளாக்கை (ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்கும் ரெய்டு பற்றிய குறிப்பு) புதிதாக எழுதிவிடும். டிஸ்க் வரிசையோ டேட்டா ஆஃப்செட்டோ (டிஸ்க்கில் டேட்டா தொடங்கும் இடம்) மாறிப்போனால் மீட்பது பெரும்பாடு. இங்கே 'அசெம்பிள்' (இருக்கும் டிஸ்க்குகளை மறுபடி சேர்த்து எழுப்புவது) மட்டும்தான்.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில், ரூட்டாக அடியுங்கள்.)

1. கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்

'எம்டி127 : இன்ஆக்டிவ்' என்று வந்து, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பக்கத்தில் (எஸ்) இருக்கும். எல்லாம் ஸ்பேர் (மாற்று டிஸ்க்) ஆகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஓடாத ரெய்டில் அப்படித்தான் காட்டும்.

2. எம்டிஆடம் --ஸ்டாப் /டெவ்/எம்டி127

எம்டிஆடம்தான் லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் கருவி. எம்டி127 இருக்கும் இடத்தில் முதல் கட்டளை காட்டிய பெயரைப் போடுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. பாதியில் நிற்கும் ரெய்டு டிஸ்க்குகளைப் பிடித்து வைத்திருக்கும். அதை நிறுத்தாமல் அசெம்பிள் செய்தால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்றுதான் பதில் வரும். எத்தனை முறை அடித்தாலும் அதே கதைதான்.

3. எம்டிஆடம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டிபி1

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இதை ஓட்டி, அரே யுயுஐடி (ரெய்டின் அடையாள எண்), டிவைஸ் ரோல் (ரெய்டில் டிஸ்க்கின் இடம்), அப்டேட் டைம், ஈவன்ட்ஸ் நான்கையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் ஈவன்ட்ஸ் எண் ஏறும். கழன்றுபோன டிஸ்க்கில் மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கும். உதாரணமாக நான்கு டிஸ்க் ரெய்டு 5:

எஸ்டிபி1: 48210
எஸ்டிசி1: 48210
எஸ்டிடி1: 48206
எஸ்டிஇ1: 31975

எஸ்டிடி1 நான்கே எண் பின்தங்கியிருக்கிறது. கரண்ட் போன நேரத்து வித்தியாசம். எஸ்டிஇ1 எப்போதோ கழன்றுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. அதன் அப்டேட் டைமும் அதையே சொல்லும். அதை இப்போது சேர்க்கவே கூடாது. ரெய்டு 5 எழும்ப மூன்று டிஸ்க் போதும்.

4. எம்டிஆடம் --அசெம்பிள் --ஃபோர்ஸ் /டெவ்/எம்டி0 /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1 /டெவ்/எஸ்டிடி1

ஃபோர்ஸ் கொடுத்தால் எஸ்டிடி1-இன் எண்ணை மற்றவற்றோடு சமமாக்கி ரெய்டை எழுப்பும். முதலில் ஃபோர்ஸ் இல்லாமல் ஒருமுறை முயலுங்கள். பேக்கப் இல்லாத டேட்டா என்றால், இதற்கு முன்பே டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியால் டிஸ்க்குகளை நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். நேரம் பிடிக்கும், ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

5. மவுன்ட் -ஓ ஆர்ஓ,நோலோட் /டெவ்/எம்டி0 /எம்என்டி

வெறும் ஆர்ஓ (படிக்க மட்டும்) போதாது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் அப்போதும் ஜர்னலை (முடியாத மாற்றங்களின் பதிவேடு) ஓட்டி டிஸ்க்கில் எழுதும். நோலோட் அதைத் தடுக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் நோலோடுக்குப் பதில் நோரெக்கவரி. முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, அன்மவுன்ட் செய்து எஃப்எஸ்சிகே -என் (எதையும் மாற்றாமல் பிழையை மட்டும் பார்க்கும்) ஓட்டுங்கள்.

எஸ்டிஇ1-ஐத் திரும்பச் சேர்க்குமுன் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ (டிஸ்க்கின் ஆரோக்கிய அறிக்கை) பாருங்கள். இதற்கு கிராஃபிக் கருவிகளைவிட டெர்மினலே தெளிவு. 197 என்ற எண்ணுள்ள வரியில் (பெண்டிங் செக்டார், படிக்க முடியாமல் நிற்கும் பகுதி) பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் புது டிஸ்க் வாங்குங்கள். 199 (சிஆர்சி பிழை) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் கோளாறு. மாற்றிவிட்டு எம்டிஆடம் --ஆட் கொடுங்கள்.

பின்சேர்க்கை: எக்ஸாமின் கொடுத்தால் 'எம்பிஆர் மேஜிக்' என்று மட்டும் வருகிறதா? பார்ட்டிஷனை விட்டுவிட்டு முழு டிஸ்க்கைக் கேட்டிருக்கிறீர்கள். எஸ்டிபி அல்ல, எஸ்டிபி1.

எம்டி0 என்ற பெயர் அடுத்த பூட்டில் எம்டி127 ஆகிவிட்டால், எம்டிஆடம் --டீடெயில் --ஸ்கேன் தரும் வரியை /இடிசி/எம்டிஆடம்/எம்டிஆடம்.கான்ஃப் கோப்பில் போட்டு, பழைய அரே வரியை நீக்கி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டுங்கள் (டெபியன், உபுண்டு). எஃப்எஸ்டேபில் (மவுன்ட் செய்யவேண்டியவற்றின் பட்டியல்) ஃபைல் சிஸ்டத்தின் யுயுஐடியோடு நோஃபெயில் சேர்த்தால், ரெய்டு எழாவிட்டாலும் மெஷின் பூட் ஆகும். மழை நாளில் வீட்டிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாகச் சரிசெய்யலாம்.