ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் ஹிந்தி படிப்பது எப்படி?

இலங்கையின் வடக்கே, மாங்குளத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு கட்டாரில் கட்டட வேலையில் இருந்தேன். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கமிருந்து வெளிநாடு புறப்படுகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் போனைச் சரிபார்க்க வரும்போது, ஹிந்தி படிக்க எந்தச் செயலி நல்லது என்று கேட்பார்கள். அரபு நாட்டுக்குப் போகிறவனுக்கு ஹிந்தி எதற்கு என்று வீட்டில் உள்ளவர்கள் யோசிக்கலாம். அங்கே பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் பீகார்க்காரர், மேற்பார்வையாளர் பாகிஸ்தான்காரர், சமையற்கூடத்தில் நேபாளி. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓடுகிற பேச்சு ஹிந்தி. உருதுவுக்கு எழுத்து வேறு என்றாலும் வேலைத்தளப் பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டடச் சாரத்தில் உயரே நிற்கும்போது கீழிருந்து ஒருவர் "ருக்கோ" என்று கத்தினால், அந்த நொடியே கால் நிற்க வேண்டும். அது விளங்காமல் ஒரு பிள்ளை அங்கே போய் நிற்பதை நான் விரும்பவில்லை.

செயலிகள் பலவும் ஹிந்தியை ஆங்கிலம் வழியாகவே சொல்லித்தருகின்றன. டுவோலிங்கோவில் ஹிந்திப் பாடம் 2018 முதல் இருக்கிறது. அதுவும் ஆங்கிலம் வழிதான். நம் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவது இதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம். தமிழும் ஹிந்தியும் வாக்கியத்தை ஒரே ஒழுங்கில் கட்டுகின்றன. "முஜே பானீ சாஹியே": முஜே என்றால் எனக்கு, பானீ தண்ணீர், சாஹியே வேண்டும். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. "மேஸ் பர்" என்றால் மேசை மேல். "கானே கே பாத்" என்றால் சாப்பிட்ட பின். இதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஹிந்திக்குக் கொண்டுவந்தால் வாக்கியத்தை இரண்டு முறை தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். "ஆப்", "தும்", "தூ" என்ற மூன்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடும். நீங்கள், நீர், நீ என்று பேசி வளர்ந்தவர்களுக்கு அதில் விளக்கமே தேவையில்லை. புதியவர்களிடம் எப்போதும் "ஆப்" என்றே பேசுங்கள்.

ஆகவே செயலியை உங்கள் வழிக்குக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு வாரம் டுவோலிங்கோவில் எழுத்துப் பாடத்தை மட்டும் செய்யுங்கள். ஹிந்தி எழுதுகிற தேவநாகரி எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம்முடைய க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம என்ற வரிசைதான் அங்கேயும். ஒவ்வொரு இணைக்கும் நடுவில் மேலும் மூன்று எழுத்துகள் நிற்கும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் 25. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு ஏற்கெனவே பழக்கம்.

எழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஹிந்தியைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. "கானா" என்று தமிழில் எழுதினால் அது சாப்பாடாகவும் இருக்கலாம், பாட்டாகவும் இருக்கலாம். "கர்" என்றால் வீடா, "செய்" என்ற ஏவலா? தமிழ் எழுத்து அதைக் காட்டாது. இங்கே நான் தமிழ் எழுத்தில் தருவது வழிகாட்ட மட்டுமே.

உச்சரிப்பைச் சரிபார்க்க, போனில் இருக்கும் ஜிபோர்ட் விசைப்பலகையிலேயே நல்ல வழி உண்டு. அதில் ஹிந்தியைச் சேர்த்து, ஒலிவாங்கிக் குறியை அழுத்தி ஒரு சொல்லைச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த சொல் திரையில் விழுந்தால் உச்சரிப்பு ஓரளவு சரி. முழு வாக்கியமாகச் சொன்னால் அது சூழலைப் பார்த்து ஊகித்துத் திருத்திவிடும்; தனிச் சொல்லாகச் சொல்வதே உண்மையான சோதனை. காற்றை வெளியே தள்ளிச் சொல்லும் மூச்சு எழுத்துகளுக்கு உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். "கானா" என்று சாப்பாட்டைச் சொல்லும்போது காற்று கையில் அடிக்க வேண்டும். பாட்டைச் சொல்லும்போது அடிக்கக் கூடாது, தொண்டை அதிர வேண்டும்.

இனி முக்கியமான வேலை. அன்கிடிராய்டு என்ற செயலியை இறக்குங்கள். அன்ட்ராய்டு போனுக்கு இலவசம். ஐபோனுக்கான அன்கிமொபைலுக்குப் பணம் கட்ட வேண்டும். அதே மாதிரிப் பெயரில் வேறு செயலிகளும் இருக்கின்றன, பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இது அட்டை காட்டிக் கேட்கும் செயலி. தெரிந்த அட்டை நாள் தள்ளித் தள்ளி வரும், மறந்த அட்டை உடனே திரும்பும். அட்டையை நீங்களே செய்ய வேண்டும்: முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் தேவநாகரியில் ஹிந்தி, கூடவே குரல். ஹிந்தி தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் அவர் குரலையே பதிந்து சேருங்கள். நாளுக்கு 20 புதிய அட்டை என்று செயலி தானாக வைத்திருக்கும். அமைப்புக்குள் போய் 8 ஆகக் குறையுங்கள். வயல் வேலை, தையல் வேலை முடித்துவிட்டு இரவில் உட்காருகிறவர்களுக்கு 20 தாங்காது. பழைய அட்டைகள் குவிந்த பிறகு செயலியைத் திறக்கவே மனம் வராது.

அட்டையில் பெயர்ச்சொல்லைத் தனியே போடாதீர்கள். ஹிந்தியில் கதவுக்கும் கதிரைக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. "மேரா கர்" என்றால் என் வீடு, "மேரீ சாபீ" என்றால் என் திறப்பு. இப்படி "என்" சேர்த்தே படித்தால் பால் தானாக நாவில் ஏறும். ஈகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்று விதி சொல்வார்கள். ஆனால் பானீ ஆண்பால், குளிர்ந்த தண்ணீரை "டண்டா பானீ" என்றுதான் சொல்ல வேண்டும், "டண்டீ" என்றல்ல. தங்கச்சிமார் இன்னொன்றையும் கவனியுங்கள். "நான் போகிறேன்" என்று சொல்ல ஆண் "ஜாதா ஹூங்" என்பான், பெண் "ஜாதீ ஹூங்" என்பாள். மொழிபெயர்ப்புச் செயலிகள் பெரும்பாலும் ஆண் பேசுவதுபோலவே முடித்துத் தரும். அதை மாற்றி எழுதிய பிறகு அட்டையில் போடுங்கள்.

எண்களுக்குத் தனி அட்டைக்கட்டு வேண்டும். ஒன்று முதல் நூறு வரை ஒவ்வொன்றும் தனிச் சொல்போல இருக்கும், மனப்பாடம்தான் வழி. கொஞ்சம் உதவுகிற பிடி ஒன்று உண்டு: 29 "உன்தீஸ்", 39 "உன்தாலீஸ்", 49 "உன்சாஸ்". அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற கணக்கு. 89, 99 இரண்டும் இதற்குள் வராது. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எண்ணைச் சொல்ல மற்றவர் வெட்டுகிற வேலையில் 25க்கும் 35க்கும் குழம்பினால் பலகை வீணாகும். "பச்சீஸ்", "பைந்தீஸ்" இரண்டையும் குரலோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்.

இறந்தகாலத்தில் செய்தவர் பெயரோடு "நே" சேரும் இலக்கணத்தை மூன்றாம் மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். அது இல்லாமலே வேலைத்தளத்தில் சமாளிக்கலாம்.

உள்ளூர்களில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. சந்திக்கு வரும் நாளில் கூகிள் மொழிபெயர்ப்பில் தமிழ், ஹிந்தி இரண்டு மொழிக் கோப்புகளையும் இறக்கிவிடுங்கள். பிறகு டேட்டா இல்லாமலே ஓடும். அட்டைகளுக்கு டேட்டாவே தேவையில்லை. புறப்படுவதற்கு முன்பு, அட்டைகளை இணையத்தில் சேமித்து வைக்கும் அன்கிவெப்பில் இலவசக் கணக்குத் திறந்து ஒரு முறை ஒத்திசையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். அங்கே போன் தொலைந்தாலும் புதிய போனில் நீங்கள் ஒத்திசைத்த அட்டைகள் எல்லாம் அப்படியே வந்துவிடும்.