வீட்டுப் பணிப்பெண்ணை வைத்து நையாண்டி எழுதுமுன்

பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த ஒருவரைப் பாத்திரமாக்கி நையாண்டி எழுத உட்காருபவர், 2009 மார்ச்சில் ஹாங்காங் இதழ் ஒன்றில் வெளியான ஒரு பத்தியை முதலில் நினைத்துப் பார்ப்பது நல்லது. தென்சீனக் கடலில் சீனாவும் உரிமை கோரும் ஸ்பிராட்லி தீவுகளில் ஒரு பகுதிக்கு உரிமை கோரும் சட்டத்தைப் பிலிப்பைன்ஸ் இயற்றியிருந்த அந்த மாதத்தில், பத்தியாளர் சிப் சாவோ தம் வீட்டுப் பிலிப்பினோ பணிப்பெண்ணை அழைத்து, அடுத்த ஆண்டு சம்பள உயர்வு வேண்டுமானால் அத்தீவுகள் அனைத்தும் சீனாவுக்கே சொந்தம் என்று, விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை தன் நாட்டவரிடம் சொல்ல வேண்டும் என எச்சரித்ததாக எழுதினார். பிலிப்பைன்ஸை வேலைக்காரர்களின் நாடு என்றும் குறிப்பிட்டார். பிலிப்பைன்ஸ் குடிவரவுத் துறை அவர் நாட்டினுள் நுழையத் தடை விதித்தது. இதழும் அவரும் மன்னிப்புக் கேட்டனர்.

சீன ஆணவத்தைத்தான் அவர் கேலி செய்தார் என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதம் முழுப் பொய் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆயினும் அந்த நையாண்டி ஏன் தவறியது என்பதைக் கண்டுகொள்ள எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நகைச்சுவையில் வரும் மிரட்டலை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதி, அது நாளைக் காலையே நடக்கக்கூடியதா என்று கேட்டுப் பாருங்கள். ஹாங்காங்கில் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர் முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் வெளியேற வேண்டும். அன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,580 ஹாங்காங் டாலர். கூலியும் கூரையும் விசாவும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கைக்குரியவர் விடுக்கும் மிரட்டலில் மிகை என்று எதுவும் இல்லை. மிகை இல்லாத இடத்தில் நையாண்டியும் இல்லை, மிரட்டல் மட்டுமே மிஞ்சுகிறது.

ஆகவே சிரிப்பு யார் மேல் விழ வேண்டும் என்று முடிவு செய்த பிறகே முதல் வரியை எழுதுங்கள். கடல் எல்லையைப் பற்றி முழங்கிவிட்டு, தம் சமையலறையில் சர்க்கரை எந்த அலமாரித் தட்டில் இருக்கிறது என்று தெரியாமல் பணிப்பெண்ணைக் கூப்பிடும் எஜமானரை எழுதினால், அதே ஆணவம் நகைப்புக்கு உள்ளாகும். அவளுக்கும் பேச இரண்டு வரி கிடைக்கும். தொழிலாளர் ஏற்றுமதியைத்தான் தாக்க வேண்டும் என்றால், 1974 முதல் அதை அரசுக் கொள்கையாகவே நடத்திவந்து, கடல் கடந்து உழைப்பவர்களைப் ‘புதிய வீரர்கள்’ என்று போற்றிய பிலிப்பைன்ஸ் அரசுகளை நோக்கி எழுதுங்கள். அங்கே கேலிக்குப் பஞ்சமில்லை.

அச்சுக்கு அனுப்புமுன் அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலேயே வேலை செய்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லாதவர். ஹாங்காங்கில் என்றால், ஞாயிற்றுக்கிழமை நகர மையமான சென்ட்ரல் பகுதியில் அட்டை விரித்து அமர்ந்திருக்கும் பணிப்பெண்களிடம் கேட்கலாம்.

அதையும் மீறித் தவறிவிட்டால், ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்காமல், எந்த வரி தவறு என்பதைச் சுட்டி, அந்தப் பத்தி வந்த அதே பக்கத்தில், இயன்றால் பிலிப்பைன்ஸில் பேசப்படும் தகாலோக் மொழியிலும், மன்னிப்பை வெளியிடுங்கள்.