டாம்பாய் நாயகி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைவாராத முடி, கையில் ஒரு வில், கல்யாணப் பேச்செடுத்தால் முகச்சுளிப்பு. சிறுமிகளுக்கான அனிமேஷன் படங்களில் 'துணிச்சலான பெண்', அதாவது ஆண்பிள்ளை போலத் திரியும் டாம்பாய், பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறாள். பழைய இளவரசி போய் அவளுக்கு நேரெதிரானவள் வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பெரிய தவறு, மற்ற பெண்களை மட்டம் தட்டி இவளை உயர்த்துவது. நாயகிக்குத் தையல் பிடிக்காது, ரோஸ் நிறம் உடுத்துகிறவள் அசடு அல்லது வில்லி. பெண்கள் செய்யும் வேலையெல்லாம் அற்பம் என்றுதான் பார்க்கும் சிறுமி எடுத்துக்கொள்வாள். பிக்ஸாரின் 'பிரேவ்' (2012) படத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு; சரியாகப் பார்க்கவில்லை என்பேன். அடித்துக்கொள்ளும் குலத்தலைவர்களை அதன் நாயகி மெரிடா வில்லால் அடக்கவில்லை. கரடியாகிவிட்ட தாய் பின்னால் நின்று சைகை காட்ட, சபை நடுவே பேசி அடக்குகிறாள். தாய் கற்றுக்கொடுத்தபோது அவள் வேண்டாவெறுப்பாகக் கேட்ட பாடம் அது. தான் கிழித்த சித்திரத் திரைச்சீலையையும் ஓடும் குதிரை மேல் உட்கார்ந்தே ஊசி நூலால் தைக்கிறாள்.

ஆகவே கதைச்சுருக்கம் எழுதியதும் நாயகி வெறுக்கும் 'பெண் வேலைகளை' எழுதிப் பாருங்கள். கடைசிப் பகுதியில் அவற்றில் ஒன்றாவது கைகொடுக்காவிட்டால், அந்த வெறுப்பு வெறும் ஜோடனை.

அடுத்தது, ஆண் கூட்டத்துக்கு நடுவே ஒற்றைப் பெண். கரென் ஐசன்ஹவர், கார்மென் ஃபாட் என்ற மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனங்களை எண்ணினார்கள். 'முலான்' (1998) படத்தில் பெண்கள் பேசுவது 23 சதவீதம். 1959இன் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் 71! போருக்குப் போனவளின் படத்தைவிடத் தூங்கியவளின் படத்தில் பெண் குரல் அதிகம், மூன்று தேவதைகளின் புண்ணியத்தில். நாயகிக்கு வசனம் கூட்டினால் மட்டும் இது சரியாகாது. கடைக்காரர், காவலர், பேசும் விலங்கு எல்லாம் யோசிக்காமலே ஆணாகிவிடுகின்றன. பாத்திரவாரியாகச் சொற்களை எண்ணி, இந்தத் துணைப் பாத்திரங்களில் பாதியைப் பெண்ணாக்குங்கள். குரல் பதிவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் உதட்டசைவிலிருந்து திருத்த நேரும்.

கடைசியில் கவுன் மாட்டி 'அடடா, அழகி!' என்று எல்லோரும் வாய்பிளக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள்.

வரைகலையில் ஒரு சோதனை: முடியையும் உடையையும் நீக்கி, பெண் பாத்திரங்களைக் கறுப்பு நிழலுருவாக வரிசையாக வையுங்கள். யார் யாரென்று தெரியாவிட்டால், குணம் தலைமுடியில் மட்டும்தான் இருக்கிறது.

உருவத்தைச் சரியாகப் பிடித்தாலும் விற்பனைப் பிரிவில் கோட்டைவிடலாம். 2013இல் டிஸ்னி இளவரசிகள் வரிசையில் சேர்த்தபோது மெரிடாவின் இடையை ஒடுக்கி, மினுக்கும் கவுன் போட்டு, வில்லை எடுத்துவிட்டார்கள். படத்தின் இயக்குநர்களில் ஒருவரான பிரெண்டா சாப்மனே வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்ப்பு மனுவில் 2 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பொம்மைக்கும் பள்ளிப்பைக்கும் உரிமம் கொடுக்கும்போது மாடல் ஷீட்டை (பாத்திரத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மாதிரிப் படத்தாளை) ஒப்பந்தத்தோடு இணையுங்கள். உடல்வாகு, உடை, கையிலுள்ள பொருள் மூன்றையும் மாற்றக் கூடாதென்று அதிலேயே எழுதி வாங்குங்கள்.