கோல்ஃப் ஷாட் டிராக்கர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு பென்சில் எடுங்கள்

என்னுடைய ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையில் அடித்தால் பந்து 150 யார்டு போகும் என்று பதினோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர் செட்டிபாளையம் கோல்ஃப் கோர்ஸில் என் பையைத் தூக்கி வருபவர் ஒருவர் இருக்கிறார். கேடி என்று எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டியிருப்பவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார், என்ன செய்வது, இதற்கும் அதுதான் சொல். நான் ஏழாம் நம்பர் கேட்டால் அவர் ஆறாம் நம்பரை உருவுவார். "ஏழு பத்தாதுங்க சார்" என்பார். நான் வீம்புக்கு ஏழையே வாங்கி அடிப்பேன். பந்து கிரீனுக்கு, அதாவது கொடியும் குழியும் இருக்கும் புல்தரைக்கு, முன்னால் இருக்கும் மணல் குழியில் போய் உட்காரும். அடிக்கும் ஒவ்வொரு ஷாட்டையும் பதியும் டிராக்கரை மாட்டி இருபது ரவுண்டு ஆடிய பிறகு கணக்கு வந்தது: 131 யார்டு.

அந்தக் கணக்கைச் சொன்னது நான் வாங்கிய மூன்றாவது டிராக்கர். முதல் இரண்டும் மேசை டிராயரில் கிடக்கின்றன. அவை தப்பாக அளந்ததாகச் சொல்ல மாட்டேன். ரவுண்டு முடிந்த பிறகு அவை எனக்குக் கொடுத்த வேலைதான் தாங்கவில்லை. அதனால் இப்போது யார் வந்து "எதை வாங்கலாம்?" என்று கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து திருத்துவதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவீர்கள்?

அதைத் தெரிந்துகொள்ளக் காசு செலவழிக்க வேண்டாம். அடுத்த மூன்று ரவுண்டுக்கு ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்றே விஷயம்: எந்தக் கிளப் (மட்டை), அடிக்கும் முன் கொடிக்கு எத்தனை யார்டு, பந்து எங்கே போய் நின்றது. அடித்த உடனே எழுத வேண்டும். எனக்குப் பம்பு தயாரிக்கும் தொழில். டெஸ்ட் பெஞ்சில் கேஜைப் பார்த்த கையோடு எழுதினால்தான் அது ரீடிங், சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதினால் அது கதை. கோல்ஃபிலும் அப்படித்தான். மூன்று ரவுண்டும் விடாமல் எழுதி முடித்தால் உங்களுக்கு மொபைல் ஆப் ஒன்றே போதும், கருவியே வேண்டாம். என்னைப் போல இரண்டாவது ரவுண்டில் ஆறாவது ஹோலுக்கு அப்புறம் தாள் வெள்ளையாக இருந்தால், தானாகக் குறித்துக்கொள்ளும் பொருள்தான் சரி.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கொடிக்கு எவ்வளவு தூரம் என்று லேசரில் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் வேறு. பயிற்சித் திடலில் பந்தின் வேகமும் சுழற்சியும் காட்டும் லான்ச் மானிட்டர் வேறு. ஷாட் டிராக்கர் என்பது கோர்ஸில் நீங்கள் நிஜமாக அடித்த ஒவ்வொரு அடியையும் வரைபடத்தில் பதிந்து வைக்கும் கணக்குப்பிள்ளை.

இந்தக் கணக்குப்பிள்ளைகளை நான் பிரித்துப் பார்ப்பது அடித்ததை யார் குறிக்கிறார்கள் என்பதை வைத்து. முதல் வகையில் நீங்களே குறிக்க வேண்டும். 18பேர்டீஸ், ஹோல்19 மாதிரி ஆப்புகள். இலவசமாகத் தொடங்கலாம், உள்ளே பல வசதிகள் பணம் கட்டினால்தான் திறக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, கையுறையைக் கழற்றி, தட்டி, மறுபடி உள்ளே போட வேண்டும். வியர்த்த விரலுக்குத் திரை அசையாது. கூட ஆடும் மூன்று பேரும் பொறுமைசாலிகளாக இருந்தால் நல்லது.

இரண்டாவது வகையில் போன் குறிக்கும். ஆர்காஸ் இந்த வகையில் பிரபலம். ஒவ்வொரு கிளப்பின் கைப்பிடி நுனியிலும் ஒரு சென்சாரைத் திருகி வைக்கிறோம். பந்தில் கிளப் மோதும் சத்தத்தை போனின் மைக் கேட்டு, இந்த இடத்தில் இந்தக் கிளப் என்று பதிந்துகொள்ளும். வலது கைக்காரர் என்றால் போன் இடது முன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் கனம் பிடிக்காதவர்களுக்கு லிங்க் என்று பெல்ட்டில் செருகும் சின்னப் பொருள் தனியாக விற்கிறார்கள். வருடச் சந்தா உண்டு.

நான் முதலில் வாங்கியது இப்படிப் போனை நம்பிய ஒன்று. எங்கே சறுக்கினேன் என்றால், மூன்றாவது ஹோலில் போன் தொடையில் இடிக்கிறது என்று அதைக் கேடியிடம் கொடுத்துவிட்டேன். அவர் பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க எனக்கு முன்னால் நடந்து போய்விடுவார். அன்று சாயங்காலம் வரைபடத்தைத் திறந்தால் பாதி ஷாட்டைக் காணோம், இருப்பதில் சில வேப்பமரத்தடியிலிருந்து கிளம்பியிருந்தன. அவர் நிழலுக்கு ஒதுங்கிய இடம் அது. தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் நம் ஊரில் பையும் போனும் பாதி நேரம் அடுத்தவர் கையில்தான் இருக்கும், அதனால் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது வகையில் வாட்ச் குறிக்கும். ஷாட் ஸ்கோப் ஸ்காட்லாந்துக் கம்பெனி. கைப்பிடி நுனியில் திருகும் டேக்குகளுக்கு பேட்டரி கிடையாது, சந்தாவும் கிடையாது. கார்மினில் சிடி10 என்ற சென்சார் செட்டைத் தனியாக வாங்கி அதற்குப் பொருந்தும் வாட்சோடு சேர்க்க வேண்டும், இதில் பேட்டரி உண்டு. சென்சாரே இல்லாமலும் கார்மின் வாட்சுகள் பல பெரிய வீச்சைத் தானாகக் கண்டுபிடிக்கும். ஆனால் எந்தக் கிளப் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், கிரீனில் பந்தை உருட்டிவிடும் பட்டிங் அதன் கண்ணில் படாது. வாட்சை இடது மணிக்கட்டில் கட்டுவது வலது கைக்காரர்களுக்கு வழக்கம்.

டேக் மாட்டுவது ஐந்து நிமிட வேலை என்று சொல்வார்கள். கைப்பிடி உச்சியில் ஒரு துளை இருக்கும், அதில்தான் திருக வேண்டும். என் பழைய கைப்பிடிகளில் துளை அழுக்கேறி அடைத்திருந்தது. ஒரு மர ஸ்க்ரூவைத் திருகி அழுக்கை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டுத் திருகிய பிறகுதான் டேக் ஏறியது. பட்டிங்குக்கான மட்டையான பட்டரின் தடித்த கைப்பிடி தனித் தலைவலி, வாங்கும் முன் அதன் துளையை ஒருமுறை பாருங்கள். சில செட்டில் டேக் மேலேயே கிளப்பின் பெயர் அச்சடித்திருக்கும். சிலதில் ஆப்பில் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். நான் கண்ணாடி போடாமல் ஏழையும் எட்டையும் மாற்றிக் கோர்த்து, நாலு ரவுண்டுக்கு என் எட்டாம் நம்பர் ஏழை விட அதிகம் போவதாகப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எல்லா வகைக்கும் பொதுவான நோய் கிரீனில்தான். முதல் அடிக்கு எடுக்கும் பெரிய மட்டையான டிரைவரின் அடி பெரிய அடி, இயந்திரம் எளிதில் பிடித்துவிடும். இரண்டடி தூரத்திலிருந்து உருட்டும் பட் அப்படியில்லை. நண்பர் "கிம்மி, எடுத்துக்குங்க" என்பார், குனிந்து பந்தை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்துக்கு அந்தக் கடைசி அடி தெரியாது. இல்லையென்றால் பட்டரின் பின்பக்கத்தால் ஒரு கையில் தட்டுவோம். ஒத்திகைக்கு நாலு முறை ஆட்டுவோம். இப்படி ஒரு ஹோலில் ஒரு பட் வீதம் தப்பினால் பதினெட்டு ஹோலுக்குப் பதினெட்டு திருத்தம். ஷாட் ஸ்கோப்பில் கொடியருகே நின்று வாட்சில் எத்தனை பட் என்று அழுத்தினால் குழியின் இடமும் அதோடு பதிந்துவிடும். கூடுதல் வேலைதான். ஆனால் குழியின் இடம் சரியாக இல்லாவிட்டால் கிரீனை நோக்கி அடித்த அப்ரோச் ஷாட் எவ்வளவு பக்கத்தில் நின்றது என்ற கணக்கும் சேர்ந்து கெடும், அதனால் எனக்கு இந்த ஒரு அழுத்தல் பிடித்திருக்கிறது.

ஏன் இவ்வளவு பாடு? ஒவ்வொரு ஷாட்டும் லாபமா நஷ்டமா என்று சொல்லும் ஸ்ட்ரோக்ஸ் கெய்ண்ட் என்ற கணக்குக்காகத்தான். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி கொண்டுவந்த முறை, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011இல் பட்டிங்குக்கு இதை எடுத்துக்கொண்டது. ஒரு ஹோலை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். 400 யார்டு ஹோலை டூர் ஆட்டக்காரர்கள் சராசரி 3.99 ஷாட்டில் முடிக்கிறார்கள். நடுவில் ஒட்ட வெட்டிய புல் பாதையான ஃபேர்வேயில் 180 யார்டு மிச்சம் இருந்தால் 3.08. கிரீனில் 33 அடி தூரத்திலிருந்து சரியாக 2. இப்போது நீங்கள் டிரைவ் அடித்து ஃபேர்வேயில் 180 யார்டில் நிற்கிறீர்கள்: 3.99-இல் 3.08 போக, அடித்த ஒன்றும் போக, 0.09 நஷ்டம். அடுத்த ஷாட் கிரீனில் குழிக்கு 33 அடி தூரத்தில் நின்றது: 0.08 லாபம். அப்புறம் மூன்று பட்: முழுசாக 1 நஷ்டம். ஸ்கோர் கார்டில் வெறும் 5 என்றுதான் இருக்கும். திட்டு வாங்குவது பெரும்பாலும் டிரைவர், அன்று பணத்தைத் தொலைத்தது பட்டர். இந்தக் கணக்கைத் தராத ஆப்புக்குச் சந்தா கட்டாதீர்கள். தரும் ஆப்பில் டூர் ஆட்டக்காரரோடு ஒப்பிடாமல் உங்கள் ஹேண்டிகேப்காரர்களோடு, அதாவது உங்கள் தரத்தில் ஆடுபவர்களோடு, ஒப்பிடும்படி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் சோறு இறங்காது.

சராசரியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வெயில் தாங்காமல் மே மாதம் ஊட்டிக்குப் போய் ஜிம்கானா கோர்ஸில் ஆடுகிறோம். கோயம்புத்தூரை விட அது சுமார் ஆறாயிரம் அடி உயரம். ஆயிரம் அடிக்குப் பந்து ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகப் பறக்கும் என்பது கோல்ஃப்காரர்களின் கைக்கணக்கு. ஆக, அங்கே என் 131 கிட்டத்தட்ட 140 ஆகிவிடும். கீழே ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளும். எதிர்க்காற்றில் அதே கிளப் 115. இதையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் கிண்டி வரும் எண்ணை நம்பிக் கிளப் எடுக்க முடியாது. குறிப்பிட்ட ரவுண்டைக் கணக்கிலிருந்து ஒதுக்கி வைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். மண்டை அடி, கட்டை அடி மாதிரி தப்பாகப் பட்ட ஷாட்டையெல்லாம் கழித்துக் காட்டும் எண்ணும் இருக்க வேண்டும். ஷாட் ஸ்கோப்பில் அதற்கு பி-ஆவரேஜ் என்று பெயர், ஆர்காஸில் ஸ்மார்ட் டிஸ்டன்ஸ்.

பணம் கொடுக்கும் முன் ஆப்பை மட்டும் இறக்கி உங்கள் கோர்ஸ் அதில் இருக்கிறதா பாருங்கள். பெயர் இருந்தால் போதாது. இருக்கிற கிரீனும், ஹோலில் முதல் ஷாட் அடிக்கும் டீ என்ற இடமும் படத்தில் அதே இடத்தில் இருக்க வேண்டும். 150 யார்டு குறி இருக்கும் இடத்தில் போய் நின்று ஆப் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். நாலைந்து யார்டு வித்தியாசம் ஜி.பி.எஸ்ஸில் சகஜம், பதினைந்து என்றால் படம் பழசு. அந்தக் குறி கிரீனின் நடுவிலிருந்தா முன் விளிம்பிலிருந்தா அளந்தது என்று கேடியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரியும்.

விலையை மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்: கருவி, சந்தா, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம். உறவினர் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் விலை குறையும், வாரண்டி இங்கே செல்லுமா என்பது வேறு கேள்வி. சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கு உங்களுக்குக் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். போன இரண்டு கருவிகளில் ஒன்றில் எனக்கு அது கிடைக்கவில்லை.

போட்டியில் ஆடுபவர்களுக்கு மட்டும்: கோல்ஃப் விதி 4.3 தூரம் அளக்க அனுமதிக்கிறது. மேடு பள்ளத்தைச் சேர்த்துச் சொல்வது, இந்தக் கிளப்பை எடு என்று ஆலோசனை தருவது இரண்டையும் அனுமதிக்கவில்லை. மொத்த ஷாட்டை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் முதல் தடவை மீறினால் இரண்டு ஷாட் தண்டனை, இரண்டாவது தடவை வெளியேற்றம். இந்த வசதிகளை அணைத்து வைக்க முடியாத கருவி போட்டிக்காரருக்கு ஆகாது.

இப்போது என் கையில் இருப்பது சந்தா இல்லாத வாட்ச், பேட்டரி இல்லாத டேக். ரவுண்டுக்கு ஆறேழு நிமிடம் திருத்துகிறேன், கிளப் ஹவுஸில் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். தினமும் ஆப்பிள் வாட்ச் கட்டுபவர்கள், போனைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்பவர்கள் ஆர்காஸ் பக்கம் போகலாம். வருடத்துக்குப் பத்து ரவுண்டுக்குக் குறைவாக ஆடுபவர்கள் பென்சிலோடு இருங்கள், கணக்கு சேர்வதற்குள் ஆட்டமே மாறியிருக்கும். எதை வாங்கினாலும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டு ரவுண்டு ஆடிவிடுங்கள். அட்டைப் பெட்டியைக் கிழிக்காமல் வையுங்கள். இரண்டாவது ரவுண்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திருத்த உட்காருங்கள். கால் மணி நேரத்தைத் தாண்டினால் மறுநாள் காலையிலேயே கூரியருக்குப் போன் போடுங்கள்.