மதுவிலக்குத் தலைவர்களைப் பற்றிய கண்காட்சியைப் பீடோங்கில் அமைக்கும் முறை

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில், கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ இக்கண்காட்சியை வைக்க விரும்புவோர், அயல்நாட்டுத் தலைவர்களை விடுத்து உள்ளூரிலிருந்தே தொடங்குவது நல்லது. முதல் பலகையை ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமிக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கெடா தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியதையும், 1947இல் அப்போராட்டம் காவல்துறையுடன் மோதலாக முடிந்ததையும் விரிவாக எழுதுங்கள்.

அடுத்து, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன். அன்றைய கோரிக்கைகளில் கூலி உயர்வுடன் கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றிருந்தது என்பதை மறவாமல் குறிப்பிடுங்கள். கள் எதிர்ப்பை வெறும் ஒழுக்கப் போதனையாகச் சுருக்குவது, என் கருத்தில், அத்தொழிலாளர்களுக்கு இழைக்கும் அநீதி. தோட்டத்துக்குள்ளேயே கடை இருந்ததால், சம்பள நாளில் வாங்கிய கூலி லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பை எட்டுமுன்பே கரைந்த நிலையைப் பலகை உணர்த்த வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரே பலகை போதும்: 1838இல் அயர்லாந்தின் கார்க் நகரில் இயக்கம் தொடங்கிய பாதிரியார் தியோபால்ட் மேத்யூ, 1879இல் அமெரிக்க மகளிர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவரான பிரான்சிஸ் வில்லர்ட், 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த இராஜாஜி.

பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த) பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும்போது, குடித்தவர் யார் என்று கேட்காதீர்கள் (பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்). கடை எங்கிருந்தது, எப்போது திறந்தது என்று கேளுங்கள். எழுத்துகள் முதியோர் கண்ணாடியின்றிப் படிக்கும் அளவில் இருக்கட்டும்.