வேகாத சாமையும் வெந்த சாமையும்: கார்ப் கணக்கில் வழுக்கும் இடங்கள்

காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்குப் புதிதாகச் சுகர் வந்திருக்கிறது. இருவருக்கும் டயட்டீஷியன் ஒரே மாதிரிதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்: வேளைக்கு இத்தனை கிராம் கார்ப் (கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்து), அதற்கு மேல் வேண்டாம். நடந்து முடித்து பெஞ்சில் உட்கார்ந்ததும் செல்போனை எடுத்து ஒவ்வொரு உணவாகத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தத் தேடலைப் பார்த்தால் ஆறு வருடத்துக்கு முன்னால் நான் பண்ணிய கூத்தெல்லாம் ஞாபகம் வருகிறது.

இனிப்பைக் குறை, ஜூஸ் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். எண்ணைத் தேடி எடுக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள் வேறு.

வேகாத எடை, வெந்த எண்

இதை மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

எனக்கு வேளைக்கு 45 கிராம். இரவில் சாதத்தை விட்டுச் சாமைக்கு மாறிய புதிது. செல்போனில் சிறுதானியம் என்று தேடினேன். 100 கிராமுக்கு 24 கிராம் கார்ப் என்று வந்தது. தராசில் ஆளுக்கு 80 கிராம் சாமையை நிறுத்து, உப்புமா கிண்டச் சொன்னேன். 24-க்கு 80 சதவீதம், 19. நோட்டில் 19 என்று எழுதினேன். 45-க்கு இன்னும் 26 பாக்கி இருக்கிறதே என்று மேலே ஒரு வாழைப்பழம் வேறு. அதையும் உரித்து, நிறுத்து, கணக்கு எழுதிவிட்டுத் தெம்பாகச் சாப்பிட்டேன்.

அந்த 24, வெந்த தானியத்துக்கான எண். நான் தராசில் வைத்தது வேகாத சாமை. அதில் 100 கிராமுக்குச் சுமார் 65 கிராம் மாவுச்சத்து. ஆக, என் தட்டில் இருந்தது 19 இல்லை, 52. பழத்தையும் சேர்த்தால் 70-க்கு மேல்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 230, 240. சாமை மேல் சந்தேகமே வரவில்லை. சிறுதானியம் சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே. சட்னியில் போட்ட பொட்டுக்கடலையைக் குறை சொன்னேன், தூக்கத்தைக் குறை சொன்னேன், கடைசியில் குளுக்கோமீட்டரையே மாற்றினேன். மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 7.1-லிருந்து 7.9-க்கு ஏறியது. டாக்டர் நோட்டைப் புரட்டினார். எல்லா வேளையும் 45-க்குள். மாத்திரையைக் கூட்டி எழுதினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நோட்டுதானே பொய் சொன்னது. ஒரு பெருக்கல் கணக்குக்காகக் கூடுதல் மருந்து தின்றிருக்கிறேன்.

கண்டுபிடித்ததும் நானில்லை. ஒருநாள் என் மனைவி கரண்டியோடு வந்து, "ஏங்க, 80 கிராம் போட்டேன், வெந்து இவ்ளோ வந்திருக்கு. நீங்க எந்த எடைக்குக் கணக்கு எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

தலைகீழாகவும் நடக்கும், அது இன்னும் மோசம். வேகாத அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 78 கிராம் கார்ப், வெந்த சாதத்தில் 28. தட்டில் இருக்கும் 150 கிராம் சாதத்துக்கு அரிசியின் எண்ணைப் போட்டால் 117 என்று வரும். உள்ளே போவதோ 42. கார்ப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் 10 கிராமுக்கு ஒரு யூனிட் என்று வைத்திருந்தால், நாலு யூனிட் போட வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போட்டுவிடுவார். லோ சுகரில் ஆளே சாய்ந்துவிடலாம்.

இதற்கு வழி, உங்கள் வீட்டு எண்ணை நீங்களே எடுப்பதுதான். 200 கிராம் அரிசி என்றால் 156 கிராம் கார்ப். காலிக் குக்கரை முதலில் நிறுத்து வையுங்கள். சாதம் வெந்ததும் குக்கரோடு நிறுத்துக் கழியுங்கள். எங்கள் வீட்டில் 580 கிராம் சாதம் வருகிறது. அந்த 156, 580 கிராமில் பரவியிருக்கிறது. 100 கிராம் சாதத்துக்கு 27. எனக்குரிய 45-க்கு 165 கிராம் சாதம், அவ்வளவுதான். பழைய அரிசி தண்ணீர் கூடக் குடிக்கும், குழைய வைத்தால் எடை இன்னும் ஏறும். அதனால் என் 27 உங்கள் வீட்டில் 24 ஆகலாம், 30 ஆகலாம். கஞ்சி வடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் மாவு கஞ்சியோடு போய்விடும், கணக்கு சற்றுக் கூடுதலாகவே நிற்கும். பொங்கல், உப்புமா, சுண்டல் எல்லாவற்றுக்கும் இதே வித்தைதான்.

நார்ச்சத்தை இரண்டு முறை கழிப்பது

நெட் கார்ப், அதாவது நார்ச்சத்தைக் கழித்த கார்ப், என்று கேள்விப்பட்டவுடன் எல்லோரும் நாரைக் கழிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். எந்த அட்டவணை என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. அதில் கார்ப் என்று போட்டிருப்பது நாரைக் கழித்த பிறகு நிற்கும் எண். அமெரிக்க வேளாண்மைத் துறை அட்டவணையில் நாரும் சேர்ந்தே இருக்கும். கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள்: நம் அட்டவணையில் கார்ப் சுமார் 40, நார் சுமார் 25. அமெரிக்க அட்டவணையில் கார்ப் 60-க்கு மேல். இரண்டும் வேகாத கடலைக்குத்தான். நம்முடையதில் இருந்து மறுபடியும் நாரைக் கழித்தால் 15 என்று வரும். அதை நம்பிச் சுண்டலை அள்ளிப் போட்டுக்கொண்டவர் எங்கள் பெஞ்சிலேயே இருக்கிறார்.

ஒரு கப், ஒரு இட்லி

யார் வீட்டுக் கப்? ரைஸ் குக்கரோடு வருவது 180 மில்லி, கடையில் விற்கும் அளவுக் கப் 240 மில்லி. இட்லியோ தட்டுக்குத் தட்டு மாறும். கிராமில் போட்ட எண் கிடைக்கவில்லை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

சுகர் ஃப்ரீ பிஸ்கட்

சுகர் ஃப்ரீதான். மைதா ஃப்ரீ இல்லை.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன்

எல்லாம் சர்க்கரைதான். என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

நோட்டில் ஏறாத காபி

100 மில்லி பாலில் 5 கிராம் கார்ப். அரைச் சர்க்கரை என்று சொல்லிப் போடும் ஒரு ஸ்பூனில் 4. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் குடித்தால் 27, அதாவது ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதிக்கு மேல்.

பாத்திரத்தின் எடையை மறப்பது

ஒவ்வொரு தடவையும் காலிக் குக்கரை நிறுக்க முடியாது. அதன் அடியில் மார்க்கரால் 1870 என்று எழுதி வைத்தேன். நான்காம் நாள் இரும்பு நாரில் தேய்த்து அழிந்துவிட்டது. இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: பெரிய குக்கர், சின்ன குக்கர், இரும்புச் சட்டி, உப்புமா வாணலி. வாணலிக்கு எதிரே, மனைவி கையெழுத்தில், 'கரண்டி இல்லாமல்'.