இரவில் மட்டும் வலிக்கும் கால்: ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவில் நேரும் தவறுகள்

பதினான்கு வயதுப் பையன் நள்ளிரவில் தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறான்; வலி மாத்திரை ஒன்றைப் போட்டால் சிறிது நேரத்தில் உறங்கிவிடுகிறான். மாதக்கணக்கில் இது தொடர்ந்தும், பகலில் அவன் ஓடியாடுவதைப் பார்த்து, 'வளர்கிற வயது, அப்படித்தான் வலிக்கும்' என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் முதல் தவறு. வளர்ச்சி வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும், சில நாள் வராமலும் இருக்கும். ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், இரவுதோறும் வலித்தால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற எலும்புக் கட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. வலிக்குக் காரணமான மையப்பகுதி பெரும்பாலும் 1.5 சென்டிமீட்டருக்கும் குறைவானது. அது மிகுதியாக உண்டாக்கும், வலியைத் தூண்டும் வேதிப்பொருளான புரோஸ்டாகிளாண்டினை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கட்டுப்படுத்துவதால்தான் வலி அவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது. ஆகவே, மாத்திரையில் குணமாகிறதே என்று நிம்மதி அடைவதைவிட, எந்த மாத்திரையில் எவ்வளவு நேரத்தில் வலி அடங்குகிறது என்று மருத்துவரிடம் சொல்வதே பயன் தரும். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு ஆஸ்பிரினைத் தாமாகக் கொடுப்பதோ, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி என்ற ஆபத்தை வரவழைத்துக்கொள்வதாகும்.

பரிசோதனையிலும் சறுக்கல்கள் உண்டு. இடுப்பு மூட்டருகே கட்டி இருந்தாலும் வலி முழங்காலில் தெரியலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் கட்டியைச் சுற்றி எலும்பு அதிகம் தடிப்பதில்லை என்பதால், சரியான இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயும் ஏமாற்றக்கூடும். அடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், சுற்றிலும் பரவிய நீர்வீக்கமே பெரிதாகத் தெரிவதால் எலும்புச் சீழ் என்றோ, சில சமயம் புற்று என்றோ ஐயம் எழுந்து குடும்பமே கலங்கிப்போகிறது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹென்றி ஜாஃபே இதைத் தனி நோயாக விவரிப்பதற்கு முன்பும் இதைக் கிருமித்தொற்று என்றே எண்ணி வந்தார்கள்; அந்தக் குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பது என் எண்ணம். மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேனில்தான், தடித்த வெள்ளை எலும்புக்கு நடுவே கறுப்பு வட்டமும், பல நேரங்களில் அதற்குள் ஒரு வெண்புள்ளியும் தெளிவாகத் தெரியும். வலியோடு முதுகுத்தண்டு வளைந்த பிள்ளைக்கு, முதுகெலும்பில் இந்தக் கட்டி இருக்கிறதா என்று தேடாமல் உடற்பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புவதும் இதே வகைத் தவறுதான்.

சிகிச்சையில், மையப்பகுதியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தடித்த எலும்பைச் செதுக்கினால் வலி திரும்பும். பயந்து எலும்பை அதிகமாக எடுத்தால் முறிவு நேரும். அதனால் பெரும்பாலான இடங்களில், சி.டி. வழிகாட்டுதலில் ஊசி செலுத்தி, ரேடியோ அலைவெப்பத்தால் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் சுடும் முறையையே இப்போது முதலில் நாடுகிறார்கள். நரம்புக்கோ தோலுக்கோ மிக அருகில் கட்டி இருந்தால் அந்த வெப்பமே காயப்படுத்தும் என்பதால், தூரத்தை அளந்து பார்க்காமல் இதற்கு அவசரப்படக் கூடாது. சில ஆண்டுகளில் கட்டி தானே அடங்குவதும் உண்டு. ஆனால் அதுவரை வலி மாத்திரையிலேயே காலம் தள்ளுவதானால், இரைப்பையையும் சிறுநீரகத்தையும் மருத்துவர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். சுட்ட பிறகு வலி பெரும்பாலும் சில நாட்களில் நின்றுவிடும். அந்தத் தெம்பில் பையன் உடனே மைதானத்துக்கு ஓடிவிடாமல், குதிப்பதற்கும் ஓடுவதற்கும் மருத்துவர் சொல்லும் கெடு முடியும்வரை பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு.